சேர்வராயன் மலையில் கருத்துக்கணிப்பு: போனா, சங்கிலியா, பட்டியலா?

2011 கணக்கெடுப்பின்படி தமிழக மக்களில் பழங்குடியினர் 1.1 சதவீதம். மாநிலம் முழுக்க 1,000 பேரிடம் கருத்துக் கேட்டால் அவர்களில் சுமார் 11 பேர்தான் பழங்குடியினராக இருப்பார்கள். 11 பேரின் பதிலில் பிழை முப்பது சதவீதப் புள்ளி வரை மேலேயோ கீழேயோ போகலாம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் (கேரள மலையாளிகள் அல்ல) என்ன நினைக்கிறார்கள் என்று அதைக் கொண்டு சொல்வது அநியாயம். தனியாகத்தான் கேட்க வேண்டும். சரி, எப்படி?

போனில் கேட்பது மலிவு, சீக்கிரம் முடியும். ஆனால் எந்த எண் மலையாளி வீட்டுடையது என்று தெரியாது. சிக்னல் இல்லாத ஊர் விட்டுப்போகும். வீட்டுக்கு ஒரே போன் என்றால் பெண்களின் குரலும் விட்டுப்போகும். எனக்கு இது வேண்டாம்.

ஒருவர் அடுத்தவரைக் காட்டிவிடும் சங்கிலி முறைக்கு 1997இல் அமெரிக்கச் சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கத்தார்ன் கணக்கு விதிகள் வகுத்தார். சேலம் நகரத்தில் வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கு இது பொருந்தும். அவர்களில் பலர் பெயர் இங்குள்ள வாக்காளர் பட்டியலிலேயே இருக்காது. மலையிலோ சங்கிலி சொந்தபந்தத்துக்குள்ளேயே சுற்றும். ரோட்டோர ஊரில் தொடங்கினால் உள்ளே இருக்கும் ஊருக்குப் போய்ச்சேராது.

அதனால் வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவதுதான் என் தேர்வு. பட்டியலில் சாதி இருக்காது. ஏற்காடு பழங்குடியினருக்கான தனித்தொகுதிதானே என்று தொகுதி முழுக்க எடுத்தாலும் தவறு, வாழப்பாடிப் பக்கத்துச் சமவெளியும் அதில் சேர்ந்திருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கிராமவாரியாகப் பழங்குடியினர் எண்ணிக்கையைத் தருகிறது. அதைப் பார்த்து மலைக் கிராமங்களின் வாக்குச்சாவடிகளைப் பிரித்து, அவற்றில் சிலவற்றைக் குலுக்கலில் எடுக்கலாம். 400 பேர் என்றால் 8 சாவடியில் ஐம்பது ஐம்பதாகக் கேட்பதைவிட, 20 சாவடியில் இருபது இருபதாகக் கேட்பது நல்லது. ஒரே ஊர்க்காரர்களின் பதில் ஒரே மாதிரி இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த முறை கெட்டுப்போவது பெரும்பாலும் நேரத்தால்தான். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் காலை பதினொரு மணிக்குப் போனால் வீட்டில் வயதானவர்கள்தான் இருப்பார்கள். ஆள் இல்லை என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வந்தால், தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர்களின் கருத்து மொத்தமாக விழுந்துவிடும். சாயங்காலம் மறுபடி போக வேண்டும். அப்புறம், கேட்பவர் யார் என்பதும் முக்கியம். கீழேயிருந்து காகிதத்தோடு வருகிறவரை அதிகாரி என்று நினைத்துவிட்டால் பட்டா, ரேஷன் பற்றிய மனக்குறை வாயில் வராது. மலையிலேயே வேறொரு ஊரைச் சேர்ந்த பெண்களைப் பயிற்சி கொடுத்து அனுப்பலாம். ஊர்ப் பெரியவரிடம் முதலில் சொல்லிவிடுவது மரியாதை. ஆனால் கேள்வி கேட்கும்போது அவர் பக்கத்தில் இருக்கக் கூடாது.