மொட்டை மாடியில 'திருவிளையாடல்': 8500 ரூவா ப்ரொஜெக்டர் எப்படி இருக்கு

பொட்டி மேல போட்டுருக்கறத நம்பி யாரும் காச குடுத்துறாதீங்க, அத மொதல்லயே சொல்லிர்றேன். வெளிச்சம் 9000 லூமன்ஸ்னு கொட்ட எழுத்துல போட்டு, எம்ஆர்பி 19999னு அடிச்சு, அதுக்கு மேல ஸ்டிக்கர் ஒட்டி 8500க்கு குடுத்தாங்க. டவுன்ஹால் ரோட்டு பக்கம் ஒரு கடை, பேரு வேணாம், டெமோ காட்டுறேன்னு உள்ள ஒரு இருட்டு ரூமுக்கு கூட்டிட்டுப் போயி ஏதோ கடலுக்கடி மீன் வீடியோவ ஓட விட்டாரு, மீனெல்லாம் பளபளன்னு நீந்துது, நானும் வாயப் பொளந்துக்கிட்டு வாங்கிட்டு வந்துட்டேன். வீட்டுல சாயங்காலம் நாலு மணிக்கு ஜன்னலச் சாத்திட்டு போட்டா, நூறு தடவ தொவச்ச லுங்கி மாதிரி இருக்கு படம். திரும்பப் போயி கேட்டா "ஆன்சி லூமன் வேறண்ணே, பொட்டில போடுறது வேற"ன்னு ஏதோ வெண்டைக்கா வெல சொல்ற மாதிரி சொல்றாரு. அப்பறம் தேடிப் படிச்சதுல தான் வெளங்குச்சு, திரையில ஒம்பது எடத்துல விழுற வெளிச்சத்த அளந்து சராசரி எடுத்துச் சொல்றது தான் ஆன்சி கணக்கு, பொட்டில போடுறதுக்கு கணக்கும் கெடையாது வழக்கும் கெடையாது. '4கே சப்போர்ட்'னு போட்டுருக்கறதும் அப்படித்தான், 4கே ஃபைல குடுத்தா வாங்கிக்கும், காட்டுற தெளிவு என்னமோ 720 தான்.

சரி, வாங்குனது வாங்கியாச்சு. ராத்திரிக்காவது ஆகும்ல.

எங்க வீடு தெற்குவாசல் பக்கம், மொட்டை மாடில நின்னா தெற்கு கோபுரம் தெரியும். மே மாசம் மதுரையில வீட்டுக்குள்ள படுக்கிறவன் மனுசனே இல்ல, சாயங்காலம் நாலு கொடம் தண்ணிய தளத்துல ஊத்தி விட்டா எட்டு மணிக்கு மேல கொஞ்சம் ஆறும், அப்பறம் பாய். எங்கப்பாவோட பழைய எட்டு மொழ வேட்டிய துணி காயப்போடுற கம்பில இழுத்துக் கட்டி, கீழ ரெண்டு செங்கல்ல வச்சு முட்டுக் குடுத்தேன், ப்ரொஜெக்டர பத்து அடி தள்ளி ஸ்டூல்ல வச்சா கிட்டத்தட்ட நூறு இஞ்ச் வந்துருது. இருட்டுல இதே பொட்டி வேற மெஷினா ஆயிருது சாமி, கலரெல்லாம் நிக்குது. ஆனா வேட்டிய ஒத்தையா கட்டிறாதீங்க, பாதி வெளிச்சம் அங்கிட்டு போயிருது. மொத நாளு பத்து நிமிசம் படம் ஓடி இருக்கும், பின்னாடி வீட்டு மாடில இருந்து ஒரு அக்கா கத்துறாங்க, "தம்பி, எங்களுக்கு சிவன் எடது கையால ஆசீர்வாதம் பண்றாரு!" ரெண்டா மடிச்சுக் கட்டுனதுக்கு அப்பறம் தான் அவங்க படம் நின்னுச்சு, அதுக்கும் கோவிச்சுக்கிட்டாங்க, அப்பறம் பிள்ளைகளோட எங்க மாடிக்கே வந்துட்டாங்க.

என்ன படம்னு தான் வீட்ல சண்ட. மக எட்டாவது முடிச்சுருக்கா, ஜப்பான்காரன் கார்ட்டூன் தான் வேணுங்குறா, மகன் மூணாவது, அவனுக்கு எதா இருந்தாலும் சண்ட இருக்கணும். காசு போட்டவன் நானு, மொதப் படம் நான் சொல்றது தான்னு 'திருவிளையாடல்' போட்டுட்டேன். 1965ல வந்த ஏ.பி.நாகராஜன் படம். எங்கம்மாவுக்கு அப்பவே பாதி உசுரு திரும்ப வந்த மாதிரி, கால நீட்டி உக்காந்து வெத்தலப் பொட்டிய பக்கத்துல இழுத்து வச்சுக்கிட்டாங்க.

நான் இந்தப் படத்த பாக்குறதுக்கு முன்னாடியே மனப்பாடமா தெரிஞ்சவன். எங்க தெரு மாரியம்மன் பொங்கலுக்கு வேப்ப மரத்துல குழாயக் கட்டி கதை வசனம் கேசட்ட போடுவாங்க, மூணு நாளும் ஓடும், தருமி பொலம்புறதக் கேட்டுக்கிட்டே தான் பல்லு வெளக்குவோம். நாகேஷ் மூஞ்சி எப்படி இருக்கும்னு தெரியாத வயசுலயே அந்தக் குரல்ல மிமிக்ரி பண்ணுவேன். பின்னாடி டிவில படத்த பாத்தப்ப, எனக்கு ஏற்கனவே தெரிஞ்ச ஒரு படத்துக்கு யாரோ பொம்மை வரைஞ்சு குடுத்த மாதிரி தான் இருந்துச்சு.

இத ஏன் சொல்றேன்னா, இந்த ப்ரொஜெக்டர்ல இருக்குறதுலயே மட்டம் அதோட ஸ்பீக்கர் தான். தகர டப்பாக்குள்ள சிவாஜி. அதுக்கு மேல உள்ள இருக்குற ஃபேன் சத்தம் வேற, டேபிள் ஃபேனுக்கு ஒண்ணு விட்ட தம்பி. சரின்னு ப்ளூடூத் ஸ்பீக்கர மாட்டுனேன், சத்தம் நல்லாத்தான் வருது, ஆனா வாய் மொதல்ல பேசுது வார்த்த பின்னாடி வருது. வேற படத்துக்கு ஓகே. பட்டாசு மாதிரி கேள்வியும் பதிலும் வெடிக்கிற தருமி சீன்ல ஒரு நொடி பிந்துனா என்னத்துக்காகும், நாகேஷ் கேள்வியே கேக்கல அதுக்குள்ள சிவாஜி பதில் சொல்லி முடிச்ச மாதிரி வாயி அசையுது. எங்கம்மா, "படத்த நிப்பாட்டுய்யா, இத இப்படியா பாக்குறது?"ன்னு எந்திரிச்சே போயிட்டாங்க.

மறுநாள் பரண்ல கெடந்த பழைய ஆம்ப்ளிஃபயரையும் ரெண்டு பொட்டி ஸ்பீக்கரையும் எறக்கி, தூசி தட்டி, 250 ரூவாய்க்கு பத்து மீட்டர் ஆக்ஸ் ஒயர் வாங்கி மாட்டுனேன். அந்த 250 ரூவா தான் இந்த மொத்தச் செலவுல உருப்படியான செலவு. கேபிள்ல குடுத்தா பிந்துறதே இல்ல. நீங்க பழைய படம் பாக்கத்தான் வாங்குறீங்கன்னா ப்ரொஜெக்டர்ல ரெண்டாயிரத்த கொறச்சு ஸ்பீக்கர்ல போடுங்க.

செட்டிங்ல இன்னொரு விசயம். பழைய படம் கிட்டத்தட்ட சதுரமா இருக்கும், இந்த மெஷினு அத இழுத்து அகலமாக்கித் தான் காட்டும், சிவாஜியும் சாவித்திரியும் பத்து கிலோ ஏறிப் போயி நிக்கிறாங்க. பிக்சர் மோடுல போயி 4:3னு மாத்துங்க, ரெண்டு பக்கமும் கறுப்பு வரும், வரட்டும். ஸ்டூல சாய்ச்சு வச்சுட்டு கீஸ்டோன்ல நேராக்குறதுக்குப் பதிலா நேராவே வைங்க, கீஸ்டோன் ஏத்த ஏத்த படம் சுருங்கி ஓரமெல்லாம் கலங்குது. ஆட்டோ ஃபோகஸ்னு ஒண்ணு இருக்கு, ஒரு ஈசல் பறந்தாக் கூட திரும்ப ஃபோகஸ் பண்ண ஆரம்பிச்சுருது, அத ஆஃப் பண்ணிருங்க.

இப்ப பிள்ளைங்க கதைக்கு வாரேன். மாம்பழம் பிரச்சினை ஓடுற மொத அரை மணி நேரம் ரெண்டும் நெளிஞ்சுச்சுங்க, கே.பி.சுந்தராம்பாள் அம்மா பாட்டுக்கு மகன் எந்திரிச்சு தண்ணி டேங்க் பக்கம் ஓடிட்டான். தருமி வந்ததும் உக்காந்தான். அந்தக் கேள்வி பதில் முடிஞ்சு நாகேஷ் கோயில்ல தனியா பொலம்புற எடத்துல எங்கம்மா ஒரு வார்த்தைக்கு முன்னாடி சொல்லிட்டே வர்றாங்க, இவன் படத்த பாக்குறதா அப்பத்தாவ பாக்குறதான்னு திரும்பித் திரும்பிப் பாக்குறான். நக்கீரரா வர்றவரு தான் இந்தப் படத்தோட டைரக்டர்னு சொன்னேன், மக சட்டுனு, "அப்ப டைரக்டரே வந்து ஹீரோகிட்ட நீ எழுதுனது தப்புன்னு சண்டை போடுறாரா?"ன்னா. நான் இத்தன வருசத்துல இப்படி யோசிச்சதே இல்ல. தருமி கொண்டு போற அந்தப் பாட்டு நெசமாவே குறுந்தொகைல ரெண்டாவது பாட்டா இருக்கு, இறையனார்னு பேரு போட்டுருக்கும்னு சொன்னதுக்கு, அவளே போன்ல தேடி எடுத்து வாசிச்சா, தும்பின்னா வண்டான்னு கேட்டா. ஒரு வருசமா தமிழ் புத்தகத்த தொறக்க மாட்டேன்னவ.

தாட்சாயணி கதைல தான் வெனை. சாவித்திரி அப்பா வீட்டு யாகத்துக்கு போகணுங்குறாங்க, சிவாஜி வேணாங்குறாரு, ரெண்டு பேருக்கும் முத்திப் போகுது. "அவங்க அப்பா வீட்டுக்குப் போறதுக்கு எதுக்கு அவரக் கேக்கணும்?"னு மக கேட்டா. எங்கம்மா, "கூப்பிடாத வீட்டுக்குப் போனா மரியாத இல்ல ஆத்தா, அதுக்குத்தான்"ன்னாங்க. "அத சொல்லலாம்ல, எதுக்கு கத்துறாரு?" எங்கம்மா வெத்தலைய மென்னுக்கிட்டே கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "உங்க தாத்தாவும் அப்படித்தான் கத்துவாரு"ன்னாங்க. வீட்ல இவ என்னையப் பாத்து சிரிக்கிறா. நான் ஃபோகஸ் சரி பண்ற மாதிரி எந்திரிச்சுட்டேன்.

மீனவரா சிவாஜி நடந்து வர்ற நடைக்கு மகன் விழுந்துட்டான், மறுநாள் கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு அதே நடைல பால் வாங்கப் போனான். பாலையா ஹேமநாத பாகவதரா வந்து, பாலமுரளிகிருஷ்ணா குரல்ல பாடுற எடத்துல நாங்க எல்லாரும் கம்முனு ஆயிட்டோம், அந்தப் பாட்ட வாத்தியாரு மாதிரி வெளக்கத் தேவையே இல்ல, தலைக்கனம் ராகமா வருது.

அப்பறம் டி.எம்.எஸ் பாட்டு, சிவாஜியே வீணை, சிவாஜியே புல்லாங்குழல், சிவாஜியே மிருதங்கம். ஆம்ப்ளிஃபயர்ல மிருதங்கம் விழுகுறது நெஞ்சுல விழுகுது. பாட்டோட பாட்டா அவரு அசையாம நின்னா ஒலகமே அசையாம நிக்கும்ல, அந்த எடம், எல்லாம் அப்படியே நிக்குது. "அப்பா ஸ்டக் ஆயிருச்சு, வைஃபை போயிருச்சு"ங்குறான் மகன். முப்பது வருசமா இந்தப் பாட்டு தெரிஞ்ச நானும் ஒரு நொடி ரிமோட்ட எடுத்துட்டேங்க, அதான் அசிங்கம். எங்கம்மா மட்டும் சிரிக்கிறாங்க, "ஸ்டக் ஆகலடா, சாமி நிப்பாட்டி வச்சுருக்கு."

மகனுக்கு ஒரே குறை, புட்டு வரவே இல்ல. ஆவணி மூலத்துக்கு வருசா வருசம் புட்டுத்தோப்புக்கு கூட்டிட்டுப் போறேன், சாமி மண்ணு சுமந்து பிரம்படி வாங்குனது தான் அவனுக்குத் தெரிஞ்ச திருவிளையாடல், வணக்கம் போடுற வரைக்கும் "புட்டு எப்ப வரும்"னு கேட்டுட்டே இருந்தான். 64 திருவிளையாடல்ல கொஞ்சம் தான்டா படத்துல இருக்குன்னா ஒத்துக்கவே மாட்டேங்குறான், மிச்சம் எல்லாம் பார்ட் டூல வருமான்னு கேக்குறான்.

அடுத்த ஞாயித்துக்கிழம கோயிலுக்குப் போனோம். வழக்கமா பொற்றாமரைக் குளத்துப் படில உக்காந்து போட்டோ எடுத்துட்டு வந்துருவோம், அன்னைக்கு மகன் கம்பியப் புடிச்சுக்கிட்டு, நக்கீரர் எந்தப் பக்கம் விழுந்தாரு, ஆழம் எவ்வளவு, அவருக்கு நீச்சல் தெரியுமான்னு ஒரே தொணதொணப்பு. பக்கத்துல ஒரு பெரியவரு ரொம்ப சீரியஸா "அந்தா, அந்த மூலைல"ன்னு கையக் காட்டிட்டு போயிட்டாரு.

சர்வீஸ் பத்தியும் சொல்லிர்றேன். ஒரு வாரத்துல படத்து நடுவுல கட்டவிரல் சைசுல ஒரு சாம்பல் புள்ளி வந்துருச்சு, லென்சுக்குள்ள தூசி. கடைல குடுத்தா அஞ்சு நாள் வச்சுருந்து துடைச்சுக் குடுத்தாங்க, காசு வாங்கல, ஆனா ஒவ்வொரு நாளும் "நாளைக்கு வாங்கண்ணே" தான். தூசி போற ஓட்டைய அடைக்க முடியாது, அது வழியாத்தான் காத்து போகுது, அதனால மொட்டை மாடில வச்சா இது திரும்ப வரும்னு அவரே சொல்லிட்டாரு. பேட்டரி கெடையாது, கரண்ட் போனா படமும் போச்சு. ஹால்ல பகல்ல பாக்கலாம்னு நெனச்சா வாங்காதீங்க, அதுக்கு டிவி போதும்.

புள்ளி விழுந்து கடைல கெடந்த அந்த அஞ்சு நாள்ல ஒரு ராத்திரி மாடில சும்மா படுத்துக் கெடந்தோம். எங்கம்மா மககிட்ட, "அந்த ஒயர உன் போன்ல சொருகி சத்தத்த மட்டும் வையி ஆத்தா"ன்னாங்க. வச்சா. தருமி ஆரம்பிக்கவும் பாய்ல மல்லாக்கப் படுத்திருந்த மகன் வானத்தப் பாத்துக்கிட்டே நாகேஷுக்கு முன்னாடி சொல்ல ஆரம்பிச்சான், ரெண்டு எடத்துல தப்பு, அப்பத்தா திருத்துனாங்க. பின்னாடி மாடில இருந்து அந்த அக்கா, "தம்பி, சத்தம் வருது, படத்தக் காணோமே?"ன்னாங்க.