புது ஃபேன் கிளட்ச் என்று பில் போட்டு, போல்ட் அடித்துப் பூட்டிய பழசை மாட்டிவிட்டார்கள்: லாரி வைத்திருப்பவர்கள் அவசியம் படியுங்கள்

நாமக்கல் பக்கம் ஒரே ஒரு லாரி வைத்து, நானே ஓட்டிப் பிழைக்கிறேன். ஆறு சக்கர வண்டி, 2018 மாடல். போகும்போது பெங்களூருக்குக் கிடைக்கிற லோடு, திரும்பும்போது தாவணகெரே பக்கமிருந்து இங்கே கோழித்தீவன மில்லுக்கு மக்காச்சோளம். எட்டு வருஷமாக இதே ரூட்தான்.

மார்ச் மாதம் லோடோடு, சேலம்-தருமபுரி ரோட்டில் தொப்பூர் ஏற்றத்தில் போகும்போது எஞ்சின் சூட்டைக் காட்டுகிற ஹீட் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஓரம் கட்டி, ஆறவைத்து, மெதுவாக ஏறினேன். அடுத்த டிரிப்பிலும் அதே கதை. சமதளத்தில் எந்தத் தொந்தரவும் இல்லை, ஏற்றத்தில் மட்டும்தான். பைபாஸ் ஓரத்தில் ஒரு பட்டறை. இதற்கு முன் இரண்டு தடவை போயிருக்கிறேன், அந்த நம்பிக்கையில் அங்கேயே விட்டேன்.

மெக்கானிக் எஞ்சினை நிறுத்திவிட்டு ஃபேனைக் கையால் தட்டிவிட்டார். இரண்டு மூன்று சுற்று லேசாகச் சுற்றியது. "பாருங்ணா, எஞ்சின் இந்தச் சூட்டுல இருக்கு, ஃபேன்ல பிடிமானமே இல்லை. கிளட்ச் போயிருச்சுங்ணா" என்றார். கேட்க நியாயமாக இருந்தது. ஒரிஜினல் ஃபேன் கிளட்ச் 9,800 ரூபாய், கூலி 1,200. "பழசை வெச்சு என்ன பண்ணப் போறீங்க, 300 ரூபாய் கழிச்சுக்கறேன், இங்கயே விட்டுட்டுப் போங்க" என்று சொன்னார். 10,700 கட்டிவிட்டு வந்தேன். டப்பாவைக் காட்டினார். டப்பாவுக்குள் இருந்ததை நான் பார்க்கவில்லை. மாட்டும்போது டீ குடிக்கப் போயிருந்தேன்.

நான் எங்கே ஏமாந்தேன் என்பது புரிய வேண்டுமானால், அந்தச் சாமான் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். எனக்கே அதெல்லாம் நடந்த பிறகுதான் தெரிந்தது.

ஃபேன் நேராக எஞ்சினோடு இணைந்திருக்காது. நடுவில் தட்டு மாதிரி வட்டமாக ஒரு அலுமினியக் கூடு இருக்கும், அதுதான் ஃபேன் கிளட்ச். அதற்குள் தேன் போலக் கெட்டியான சிலிக்கான் ஆயில். உள்ளே ஒரு சக்கரம் பெல்ட்டோடு சுற்றும், வெளிக்கூடு ஃபேனோடு சுற்றும். இரண்டும் ஒன்றையொன்று தொடாது, இடையில் இருக்கிற ஆயில்தான் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. முன்பக்கம், ரேடியேட்டரைப் பார்த்தபடி, கடிகார ஸ்பிரிங் மாதிரி, இரண்டு உலோகத்தை ஒட்டிச் செய்த ஒரு பை-மெட்டல் சுருள் இருக்கும். ரேடியேட்டரைத் தாண்டி வருகிற காற்று சூடானால் சுருள் முறுக்கிக்கொண்டு உள்ளே ஒரு சின்ன வால்வைத் திறக்கும். தனி அறையில் இருக்கிற ஆயில் சக்கரத்தின் பள்ளங்களுக்குள் ஓடும், பிடிமானம் வரும், ஃபேன் வேகம் எடுக்கும். காற்று ஆறினால் வால்வு மூடும், ஆயில் பழைய அறைக்கே திரும்பும், ஃபேன் சோம்பலாகச் சுற்றும்.

ஏன் இவ்வளவு சுற்றி வளைத்துச் செய்திருக்கிறார்கள்? ஃபேன் தின்கிற சக்தி அதன் வேகத்துக்கு நேர் விகிதத்தில் கூடாது. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. திருப்பிச் சொன்னால், கால் பங்கு வேகத்தில் சுற்றும் ஃபேனுக்கு 64இல் ஒரு பங்கு சக்தி போதும். ஹைவேயில் வண்டி ஓடுகிற வேகத்துக்கே காற்று ரேடியேட்டருக்குள் வந்துவிடும், பெரும்பாலான நேரம் ஃபேன் தேவையே இல்லை. தேவைப்படாத நேரத்தில் அதைச் சும்மா விடத்தான் இந்தக் கிளட்ச். இன்னொரு வேலையும் அது செய்கிறது: எஞ்சின் சுற்றுகிற வேகம், அதாவது ஆர்பிஎம், திடீரென்று ஏறினாலும் ஆயில் வழுக்கிக்கொடுக்கும், ஃபேன் ஒரு அளவுக்கு மேல் வேகம் எடுக்காது. இது எனக்குத் தெரியாமல் போனதுதான் தொப்பூரில் ஆபத்தாக முடிந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புது கிளட்ச் போட்ட பிறகு ஹீட் முள் கீழேயே நின்றது. சந்தோஷப்பட்டேன். சத்தம் மட்டும் வித்தியாசம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் ஃபேன் இரைவது வழக்கம்தான். ராத்திரி முழுக்க நிற்கும்போது ஆயில் கீழே இறங்கித் தங்கிவிடும், அது அறைக்குத் திரும்பும்வரை இரைச்சல் இருக்கும், பிறகு அடங்கிவிடும். இது அடங்கவே இல்லை. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஏரோப்ளேன் மாதிரி ஊளையிட்டது. போன் போட்டுக் கேட்டேன். "புதுசுங்ணா, பிடிமானம் ஜாஸ்தியா இருக்கும், ஓட ஓட செட் ஆயிரும்" என்றார். நம்பினேன்.

மைலேஜ் 5.2இல் இருந்து 4.7க்கு இறங்கியது. மாதம் 6,000 கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு அது 120 லிட்டருக்கு மேல் கூடுதல் டீசல். லிட்டர் 92 ரூபாய் கணக்கில் மாதம் 11,000 ரூபாய். புது கிளட்ச் விலையை விட அதிகமான பணத்தை ஒவ்வொரு மாதமும் ஃபேன் காற்றில் விட்டிருக்கிறேன். இன்ஜெக்டர், ஏர் ஃபில்டர் என்று எதையெதையோ பார்த்தேனே தவிர, ஃபேன் பக்கம் புத்தி போகவில்லை.

மே கடைசியில் மக்காச்சோள லோடோடு தருமபுரி தாண்டி தொப்பூர் இறக்கம். அந்த இடத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, எத்தனை விபத்து பார்த்த இறக்கம் அது. நியூட்ரலில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. மூன்றாவது கியரில், எஞ்சின் பிடிமானத்தில் இறங்கிக்கொண்டிருந்தேன். ஆர்பிஎம் நன்றாக ஏறியிருந்தது. முன்னால் 'டொக்' என்று ஒரு சத்தம், அடுத்த நொடியே கேபின் முழுக்க நடுக்கம், அப்புறம் கண்ணாடி மறைக்கிற அளவுக்கு ஆவி. கிளீனர் பையன் கத்திவிட்டான். பிரேக்கில் காற்று இருந்தது, கடவுள் புண்ணியம். இடதுபக்கம் ஒதுக்கி நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்ட பிறகுதான் கால் நடுங்க ஆரம்பித்தது. பச்சைக் கூலண்ட் தார் ரோட்டில் கோடு போட்டபடி இறக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

ஃபேனின் ஒரு இறக்கை அடியோடு முறிந்திருந்தது. அதனால் பேலன்ஸ் போய், வாட்டர் பம்ப் பேரிங் உடைந்து, சாய்ந்த ஃபேன் ரேடியேட்டரை அரை வட்டமாக அறுத்திருந்தது. முறிந்த இறக்கைத் துண்டு ஃபேன் கூட்டுக்குள் செருகிக் கிடந்தது.

வண்டியைக் கட்டி இழுத்து சேலத்தில் வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். வயதான மெக்கானிக், அதிகம் பேசாதவர். கிளட்சைக் கழற்றித் துணியால் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். சில்வர் பெயிண்ட் அடித்திருந்தது. சாவி முனையால் ஓரத்தில் சுரண்டினார். பெயிண்டுக்கு அடியில் ஓட்டை அடைக்கிற எம்சீல் பசை. எம்சீலைப் பெயர்த்ததும் தலை அராவிச் சமமாக்கிய ஒரு போல்ட். எதிர்ப்பக்கமும் அதே மாதிரி ஒன்று. வெளிக்கூட்டிலிருந்து உள்சக்கரம் வரை துளை போட்டு, இரண்டையும் ஒன்றாக முடுக்கியிருக்கிறார்கள். உள்ளே சொட்டு ஆயில் கிடையாது. அது கிளட்சே இல்லை, வெறும் கட்டை. எஞ்சின் என்ன வேகமோ, ஃபேனும் அதே வேகம். இறக்கத்தில் ஆர்பிஎம் ஏறும்போது வழுக்கிக்கொடுக்க வேண்டிய சாமான் வழுக்கவே இல்லை. பிளாஸ்டிக் இறக்கை எத்தனை நாள் தாங்கும்?

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நடுவழியில் கிளட்ச் செத்துப்போனால், ஊர் போய்ச் சேரும்வரை போல்ட் போட்டுப் பூட்டி ஓட்டுவது ரோட்டில் நடக்கிறதுதான். அதை நான் குறை சொல்லவில்லை. டிரைவரிடம் சொல்லிவிட்டுச் செய்தால் அவன் மெதுவாக ஓட்டி வந்து மாற்றிக்கொள்வான். இவர்கள் அதை மறைத்து, பெயிண்ட் அடித்து, ஒரிஜினல் என்று பில் போட்டார்கள். இறக்கத்தில் வண்டியில் இரண்டு உயிர் இருந்தது.

எனக்கு அதைவிட வயிறு எரிந்தது அடுத்ததைப் பார்த்தபோதுதான். அறுந்த ரேடியேட்டரை இறக்கியதும், அதற்கும், எஞ்சினுக்குள் போகிற காற்றை ஆறவைக்கிற இன்டர்கூலருக்கும் நடுவில் மக்காச்சோளச் சொங்கும் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து மெத்தை மாதிரி அடைத்திருந்தது. பெரியவர் ஒரு பக்கம் டார்ச் அடித்தார். மறுபக்கம் ஓரங்களில் மட்டும் வெளிச்சம் வந்தது, நடுவில் ஒரே இருட்டு. "உங்க பழைய கிளட்ச் நல்லாத்தான் இருந்திருக்கும்" என்றார். சுருள் இருப்பது நடுவில். அங்கே சூடான காற்றே வந்து சேரவில்லை என்றால் அது எப்படி முறுக்கும்? வால்வு எப்படித் திறக்கும்? எஞ்சின் கொதித்தாலும் ஃபேன் லேசாகச் சுற்றியதற்குக் காரணம் அதுதான். அடைப்பை எடுத்து, தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தால் தீர்ந்திருக்கும். பூட்டிய ஃபேன் ஓயாமல் முழுவேகத்தில் இழுத்ததால் அந்த அடைப்பு இருந்ததே எனக்குத் தெரியாமல் போனது.

ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஃபேன், கூடு, பெல்ட், நிஜமான புது கிளட்ச், வண்டி இழுத்த கூலி, லோடு மாற்றிய கூலி என்று 58,000 ரூபாய். ஆறு நாள் வண்டி நின்றது.

அந்த பைபாஸ் பட்டறைக்குப் போல்டோடு போய் நின்றேன். "லைன்ல எல்லாரும் இப்படித்தான் போடுவாங்ணா, ஹீட் நின்னுச்சா இல்லையா?" என்பதுதான் பதில். என் பழைய கிளட்ச் எங்கே என்றால், பழைய இரும்புக்குப் போட்டாச்சாம். பில்லை எடுத்துப் பார்த்தேன். "ஃபேன் கிளட்ச் - 1" என்று மட்டும் எழுதியிருக்கிறது, பார்ட் நம்பர் இல்லை, ஜிஎஸ்டி நம்பர் இல்லை.

தொழிலுக்கு வாங்கியவன் நுகர்வோர் ஆக முடியாது என்று ஒருவர் என்னைப் பயமுறுத்தினார். அது முழு உண்மை இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்கு விலக்கு இருக்கிறது, ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் பயன்படுத்துகிறவருக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று அதிலேயே விளக்கம் இருக்கிறது. ஒரே லாரியைத் தானே ஓட்டுகிறவன் அந்த விளக்கத்தைக் காட்டி வாதாடலாம். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், மாவட்ட ஆணையத்துக்கும் மனு கொடுத்திருக்கிறேன். போல்ட் அடித்த கிளட்ச், முறிந்த இறக்கை, பில், சேலம் மெக்கானிக் எழுதிக்கொடுத்த தாள் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உங்கள் வண்டியில் இந்த வகைக் கிளட்ச் இருந்தால், நாளைக் காலையே பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஃபேன் இறக்கையைக் கையால் தள்ளுங்கள். பிசுபிசுவென்று ஒரு பிடிமானத்தோடு ஃபேன் மட்டும் நகர்ந்தால் சரி. கூடவே பெல்ட்டும் புல்லியும் சேர்ந்து இழுபட்டால் உள்ளே பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். அரை நிமிஷ வேலை, மார்ச் மாதமே நான் செய்திருக்கலாம். தட்டிவிட்டால் நிற்காமல் பல சுற்று ஓடுகிறது, நடுவிலிருந்து வெளிப்பக்கம் கோடு கோடாக எண்ணெய் வழிந்து தூசி ஒட்டியிருக்கிறது என்றால் ஆயில் போய்விட்டது. மாற்றும் முன் டார்ச் அடித்து ரேடியேட்டர் நடுவில் வெளிச்சம் வருகிறதா பாருங்கள். புதிது வாங்கும்போது டப்பாவை நீங்களே பிரியுங்கள், பார்ட் நம்பரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள், எந்தப் பக்கம் சுற்ற வேண்டியது என்று பாருங்கள், கடையில் படுக்கப்போட்டு வைத்திருந்தால் வாங்காதீர்கள், ஆயில் பேரிங் வழியாகக் கசிந்திருக்கலாம். புதிய புகை விதிப்படி வந்த பிஎஸ்6 வண்டிகள் பலவற்றில் வயரோடு வருகிற எலக்ட்ரானிக் கிளட்ச் இருக்கிறது, அதைப் பற்றிக் கம்பெனி ஆளிடம்தான் கேட்க வேண்டும்.

அப்புறம் ஒன்று. மார்ச்சுக்குப் பிறகு இந்தப் பக்கம் யாராவது ரீகண்டிஷன் கிளட்ச், அதாவது பழசைச் சரிசெய்து விற்கிற கிளட்ச், வாங்கியிருந்தால், அதன் பின்பக்கம் சிவப்புப் பெயிண்டில் ஒரு புள்ளி இருக்கிறதா பாருங்கள். அந்தப் பட்டறையில் விட்டு வந்த என் பழைய கிளட்சில் நான் வைத்த அடையாளம் அது. இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், கிளட்சைத் திருப்பிக் கேட்க மாட்டேன், மனுவோடு சேர்க்க ஒரு போட்டோ மட்டும் போதும்.