பன்னிரண்டு ஆண்டுகள், ஒரே பாலிசி: மருத்துவச் செலவில் உண்மையில் மிச்சமானது எது?

எங்கள் குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு இந்த ஆண்டோடு 12 வயது நிறைகிறது. பிரீமியம் எங்கே குறைவு என்று மட்டும் பார்த்துத்தான் அதை எடுத்தேன். அது போதாது என்பது மூன்றாம் ஆண்டில், காய்ச்சலுக்காக நான்கு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டுக் கிளம்பும்போது தெரிந்தது. பில்லில் கால் பங்குக்கு மேல் நாங்கள் கட்ட வேண்டியிருந்தது. பாலிசியில் டிடக்டிபிளும் (காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய குறிப்பிட்ட தொகை) இருந்தது, கோ-பேமென்ட்டும் (மீதி பில்லில் நாம் கட்ட வேண்டிய சதவீதம்) இருந்தது. கையெழுத்திடும் முன் நான் இரண்டையும் படிக்கவில்லை.

கணக்கு எளிதுதான். செலவு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். டிடக்டிபிள் 20 என்றால் முதல் 20 நம்முடையது. மீதி 80-இல் கோ-பேமென்ட் 10 சதவீதம் என்றால் இன்னும் 8. ஆக 28 நம் கையிலிருந்து போகும்.

அடுத்த புதுப்பித்தலில் கோ-பேமென்ட்டை நீக்கிவிட்டு, டிடக்டிபிளை உயர்த்திக்கொண்டேன். வீட்டில் எல்லோரும் பதறினார்கள். ஆனால் டிடக்டிபிள் எவ்வளவு என்பது முன்பே தெரியும். அதற்கு மேல் அது நம்மைத் தொடாது. கோ-பேமென்ட் அப்படியல்ல, பில் வளர வளர அதுவும் வளரும். பெரிய நோய் வந்தால் அந்த 10 சதவீதமே ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளிவிடும். பிரீமியத்தில் குறைந்த தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வந்தோம். அது டிடக்டிபிள் அளவுக்கு நிரம்ப இரண்டு ஆண்டுகள் ஆயின; அதுவரை எனக்குப் பயம்தான். கையில் சேமிப்பே இல்லாதவர்களுக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

ஏழாம் ஆண்டில் எனக்குப் பித்தப்பைக் கல். அவசரமில்லாத அறுவை என்பதால் விசாரிக்க நேரம் கிடைத்தது. காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்து, முன் அனுமதியை எழுத்தில் வாங்கினேன். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரும் அதே ஒப்பந்தத்துக்குள் வருகிறாரா என்றும் கேட்டேன். கேட்டது நல்லதாயிற்று, வேறொருவரை ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. வீடு திரும்பும் நாளில் மொத்தத் தொகை மட்டும் இருந்த பில்லை ஏற்காமல், வரிவரியாகப் பிரித்த பில் கேட்டேன். ஒரே ஸ்கேன் இரண்டு இடத்தில் இருந்தது. சுட்டிக்காட்டியதும் வாக்குவாதமில்லாமல் நீக்கிவிட்டார்கள்.

ஒன்றில் மட்டும் மிச்சம் பிடிக்கவே கூடாது. ஏற்கெனவே இருக்கும் நோயை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். என் ரத்த அழுத்தத்தை எழுதியதால் எங்கள் பிரீமியம் சற்றுக் கூடியது. உறவினர் ஒருவர் சர்க்கரை நோயை எழுதாமல் விட்டார். அவருக்குத் தேவை வந்த நாளில் கிளெய்மை மறுத்துவிட்டார்கள். பல ஆண்டுகள் கட்டிய பணம் அப்படியே போயிற்று.

ஆண்டுக்கணக்கில் பார்த்தால் காப்பீட்டைவிட மருந்தில்தான் அதிகம் மிச்சமானது. என் மனைவி மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். 1957-இலிருந்து சர்க்கரை நோய்க்குப் பயன்பாட்டில் இருக்கும் மருந்து அது. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. பிராண்டு பெயரில் வாங்கியதை, மருத்துவரிடம் கேட்டு ஜெனரிக்குக்கு, அதாவது அந்த பிராண்டு பெயர் இல்லாமல் பிற நிறுவனங்கள் தயாரிக்கும் அதே மருந்துக்கு, மாற்றினோம். உள்ளே இருப்பது அதே வேதிப்பொருள். ஜெனரிக் தயாரிப்பவர் பெரிய மருத்துவச் சோதனைகளை மீண்டும் நடத்த வேண்டியதில்லை. தன் மாத்திரை ரத்தத்தில் அதே அளவில், அதே வேகத்தில் சேர்கிறது என்று காட்டினால் போதும். விலை குறைவதற்கு அதுவே முக்கியக் காரணம். தைராய்டு, வலிப்பு மருந்துகளை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம். அவற்றில் சிறு அளவு வேறுபாடும் உடலில் தெரியும்.

ரத்தப் பரிசோதனையிலும் இதே கதை. ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் எச்பிஏ1சி பரிசோதனையை மாதந்தோறும் எடுத்துக்கொண்டிருந்தோம். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதனால் இந்தப் பரிசோதனை காட்டுவதே கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைத்தான். மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றார். அளவு நிலைப்பட்ட பிறகு ஆண்டுக்கு இரண்டு முறை போதும் என்றார்.

இடையில் ஒரு தவறும் நடந்தது. பணம் இறுக்கமாக இருந்த ஆறு மாதம், எனக்குத் தெரியாமல் என் மனைவி ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். சர்க்கரை ஏறி, கூடுதல் மருந்தும் கூடுதல் பரிசோதனையுமாக, மிச்சம் பிடித்ததைவிடப் பல மடங்கு செலவாயிற்று. கால் எரிச்சல் இன்னும் முழுதாகப் போகவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

இப்போதுள்ள ஒரே குறை, காப்பீட்டுத் தொகையைப் பத்து ஆண்டுகள் உயர்த்தாமல் விட்டது. மருத்துவமனைக் கட்டணம் ஏறிக்கொண்டே போக, எங்கள் தொகை நின்ற இடத்திலேயே நின்றது. போன ஆண்டு உயர்த்தினேன். ஆனால் கூட்டிய பகுதிக்குக் காத்திருப்புக் காலம் புதிதாகத் தொடங்கியிருக்கிறது. அது முடியும்வரை பழைய தொகைதான் எங்களுக்குப் பாதுகாப்பு. அந்தத் தனிக் கணக்கில் மாதாமாதம் இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடுகிறோம்.