கடலை அளக்கக் கப்பலா, மிதவையா, செயற்கைக்கோளா?

சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் போனவர்களுக்குத் தெரியும், கிட்டத்தட்ட மூன்று நாள் பயணம் அது. கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வியல் நிறுவனம் இந்தப் பயணிகள் கப்பல்களிலேயே ஆட்களை ஏற்றி, வழிநெடுகக் கடலின் வெப்பத்தைப் பல வருடங்கள் அளந்திருக்கிறது. அதற்கென்று தனி ஆய்வுக்கப்பல் ஓட்டுகிற செலவு இல்லை. கப்பல் எப்படியும் போகத்தான் போகிறது.

அதற்குப் பயன்படுவது எக்ஸ்பிடி (XBT) என்கிற, ஒருமுறை மட்டுமே பயன்படும் கருவி. சின்னக் குண்டு மாதிரி இருக்கும். கப்பல் வேகத்தைக் குறைக்கவே வேண்டாம், ஓடும்போதே கடலில் போட்டுவிடலாம். தலைமுடி போன்ற செம்புக் கம்பி பின்னால் அவிழ அவிழ சுமார் 760 மீட்டர் வரை இறங்கி வெப்பத்தைச் சொல்லும். கடைசியில் கம்பி அறுந்துவிடும், கருவி போனது போனதுதான். ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப அளப்பதால், போன முறைக்கும் இந்த முறைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று நேருக்கு நேர் பார்க்கலாம். ஆனால் உப்பை இது அளக்காது. வங்கக்கடலில் அது பெரிய குறை. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி கொண்டுவரும் நன்னீர் மேலே பரவி, கீழே இருக்கும் குளிர்ந்த தண்ணீரை மேலே கலக்க விடாமல் தடுப்பதால்தான் மேற்பரப்புச் சூடு அப்படியே தங்குகிறது, புயலுக்கும் அதுவே தீனி.

உப்பும் வெப்பமும் சேர்ந்து துல்லியமாக வேண்டுமென்றால் ஆர்கோ மிதவைதான். பத்து நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டர் ஆழத்திலிருந்து அளந்துகொண்டே மேலே வரும். உலகம் முழுக்க ஏறத்தாழ 4000 மிதக்கின்றன. ஆனால் நீரோட்டம் இழுத்த பக்கம் போகும், ஆழமில்லாத கரையோரத்துக்கு ஆகாது.

செயற்கைக்கோள் ஒரே பார்வையில் முழுக் கடலையும் காட்டும், சரி. ஆனால் மேல்தோலை மட்டும்தான், அதுவும் மழைக்காலத்தில் பல கருவிகளின் பார்வையை மேகம் மறைத்துவிடும். கலங்கலான கரையோரத் தண்ணீரில் பாசி எது, வண்டல் எது என்று பிரிப்பதிலும் தடுமாறும்.

நங்கூரமிட்ட மிதவைகளைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் பராமரிக்கிறது. புயல் வந்தால் கப்பல் விலகி ஓடும், மிதவை அங்கேயே நின்று அளக்கும். அதற்கு ஈடு கிடையாது. ஆனால் சிப்பியும் பாசியும் ஒட்டும். அடியில் மீன் கூடுவதால் படகுகளும் தேடி வரும், அதில் கருவி சேதமாகும். சரிசெய்ய மறுபடி ஒரு கப்பல் போக வேண்டும்.

கரையோரத்துக்கு என் ஓட்டு கப்பலுக்குத்தான், ஆனால் எக்ஸ்பிடி மட்டும் போதாது. பால்டிக் கடலில் பின்லாந்தின் ஹெல்சிங்கிக்கும் ஜெர்மனியின் டிராவமுண்டேவுக்கும் இடையே ஓடும் கப்பல்களில் பின்லாந்துக்காரர்கள் 1990களிலிருந்து செய்வதைப் பாருங்கள். ஃபெரிபாக்ஸ் என்கிற வகைக் கருவி அது. கப்பலுக்குள் குழாய் வழியாகக் கடல்நீர் ஓடிக்கொண்டே இருக்கும். வெப்பம், உப்பு, பாசியின் பச்சையம் எல்லாம் தானாகப் பதிவாகும், பாட்டில்களில் மாதிரியும் பிடித்துக் குளிரில் வைக்கும். கோடையில் நீலப்பச்சைப் பாசி பெருகுவதை அப்படித்தான் தொடர்ந்து கவனிக்கிறார்கள். அளப்பது சில மீட்டர் ஆழத்தில் மட்டும்தான், அதுவும் போகிற தடத்தில் மட்டும்தான், உண்மை. இருந்தாலும் அந்தமான் கப்பலில் அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்பது என் ஆசை. வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு கூவமும் அடையாறும் கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் எதுவரை பரவியிருக்கிறது என்பது, கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய முதல் சில மணி நேரத்திலேயே அதில் தெரியவரலாம்.