சளியில் எலாஸ்டேஸ் அளக்க எது நல்லது: ஏஎம்சியா, சவ்வில் ஒட்டும் ஃப்ரெட் புரோப்பா?

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங் பக்கம் எங்கள் ஆய்வகத்துக்கு வரும் சளி பெரும்பாலும் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் ஓய்ந்துபோனவர்களுடையது. பழைய காசநோய், விறகடுப்புப் புகை, சுருட்டு என்று ஆளுக்கொரு காரணம். சளியில் அந்தப் பச்சை நிறம் வருவதே நியூட்ரோபில் என்ற வெள்ளை இரத்த அணுக்களில் இருக்கும் மைலோபெராக்ஸிடேஸ் நொதியால்தான். அதே அணுக்கள் கக்கும், புரதத்தை வெட்டும் நொதியான எலாஸ்டேஸ் அளவு மீறினால் நுரையீரலையே அரிக்கும். அதை அளக்க, ஏஎம்சி என்ற சாயம் மாட்டிய பெப்டைடையும் (சின்னப் புரதத் துண்டு), அணுவின் சவ்வில் ஒட்டி நின்று இரண்டு சாயங்களுக்கிடையே ஆற்றல் கைமாறுவதை வைத்து நொதியைக் காட்டும் ஃப்ரெட் புரோப்பையும் போட்டுப் பார்த்தோம், ஃப்ரெட் புரோப்பையே வைத்துக்கொண்டோம்.

ஏஎம்சி பற்றி நீட்ட வேண்டாம். நான்கு அமினோ அமிலச் சங்கிலி, அதன் நுனியில் சாயம். எலாஸ்டேஸ் வெட்டியதும் சாயம் விடுபட்டு 460 நானோமீட்டர் பக்கம் நீலமாக ஒளிரும். மலிவு, குழித்தட்டின் ஒளியை அளக்கும் பிளேட் ரீடர் போதும், உறைந்த மாதிரியிலும் ஓடும். நியூட்ரோபிலின் இன்னொரு நொதியான புரோட்டினேஸ் 3 அதே சங்கிலியை ஓரளவு வெட்டும் என்பது ஒரு தொல்லை. சூடோமோனாஸ் இருக்கும் சளியில் அந்தக் கிருமியின் நிறமியான பயோவெர்டினும் ஏறக்குறைய அங்கேயே ஒளிரும், ஆனால் ஒளி ஏறும் வேகத்தை மட்டும் எடுத்தால் அது கழிந்துவிடும்.

நான் அதை விட்டது வேறு காரணத்துக்காக. இரத்தத்திலிருந்து கசிந்து வரும் ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின், கரைந்து கிடக்கும் எலாஸ்டேஸைப் பிடித்து முடக்கிவிடும். அணுவின் மேற்சவ்வில் ஒட்டியிருப்பதை அந்தப் பெரிய புரதத்தால் அவ்வளவாக முடக்க முடியாது. ஆகவே சுழற்றி எடுத்த மேல்நீரில் ஏஎம்சி போட்டால் கோடு படுத்தே கிடக்கும், குழாயின் அடியில் படிந்த அணுக்களின் மேலோ நொதி சும்மா இருக்காது. அந்த ஆளுக்கு அழற்சி அடங்கிவிட்டது என்று எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஃப்ரெட் வகையில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் கார்ஸ்டன் ஷுல்ட்ஸ் குழு 2009-இல் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கணுக்களின் எம்எம்பி12 நொதிக்கு லாரீ1 என்ற புரோப்பையும் 2012-இல் எலாஸ்டேஸுக்கு நீமோவையும் வெளியிட்டது. நீமோ-1 கரைசலில் மிதக்கும், நீமோ-2 கொழுப்பு வாலால் சவ்வில் குத்தி நிற்கும். இரண்டு சாயங்களுக்கு நடுவே பெப்டைட். அது வெட்டுப்பட்டால் ஆற்றல் கைமாறுவது நின்று முதல் சாயம் கூடுதலாக ஒளிரும், இரண்டாவது மங்கும். பார்ப்பது இரண்டின் விகிதம் என்பதால் ஓர் அணுவில் புரோப் கூடவும் இன்னொன்றில் குறையவும் ஏறியிருந்தாலும் கணக்கு கெடாது. சந்தேகம் வந்தால் சிவெலஸ்டாட் போட்டுப் பாருங்கள், சின்ன மூலக்கூறு என்பதால் சவ்வுவரை போய் எலாஸ்டேஸை நிறுத்திவிடும்.

விலையும், அணுக்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரும் பெரிய தடை என்பார்கள். என் அனுபவத்தில் உண்மையான தடை நேரம். நீமோ-2-க்கு உயிருள்ள அணு வேண்டும். உறைய வைத்து உருக்கினால் நியூட்ரோபில் உடைந்து உள்ளேயிருந்த எலாஸ்டேஸ் எல்லாம் கொட்டிவிடும், அப்புறம் சவ்வின் மேல் இருந்தது எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது. பல ஊர்களிலிருந்து உறைந்த குழாய்கள் வந்து சேரும் பெரிய நகரத்து ஆய்வகத்துக்கு இது கஷ்டம். இங்கே அப்படியில்லை. நோயாளி தோட்டத்து லயத்தில் இருக்கிறார், கிளினிக் ரோட்டோரத்தில் இருக்கிறது, காலையில் காறித் துப்பியதை ஐஸ் பெட்டியில் வைத்து மோட்டாரில் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள், சளி கரைத்து வடிகட்டும்போது அணுக்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. சின்ன ஊரில் இருப்பதால் கிடைக்கும் இந்த வசதியை வீணாக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

லாரீ1-ஐ நான் அதிகம் ஓட்டியதில்லை, எங்கள் மாதிரிகளில் நியூட்ரோபில்தான் நிறைய, மேக்ரோஃபேஜ் குறைவு. நொதியோடு நிரந்தரமாகப் பிணைந்துகொள்ளும் புரோப்களும் உண்டு, அவற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு எனக்குக் கைப்பழக்கம் இல்லை.

மாதிரி மறுநாள்தான் வரும் என்றாலோ, பழைய ஃப்ரீசர் குழாய்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும் என்றாலோ நீமோ-2-ஐத் தொடாதீர்கள். ஏஎம்சியே போடுங்கள், சிவெலஸ்டாட் சேர்த்த ஒரு வரிசையும் வையுங்கள், அறிக்கையில் ‘கரைந்த எலாஸ்டேஸ் மட்டும்’ என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.