முள் ஏறிய இரண்டு இடங்கள்: 13 ஆண்டு ஓட்டிய காரில் எஞ்சின் சூட்டைத் தேடிய கதை

2012இல் வாங்கிய என் பெட்ரோல் கார் இதுவரை 1,46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கோவை நகருக்குள் அன்றாட ஓட்டம், மாதம் ஒருமுறை வால்பாறையில் உள்ள மாமனார் வீட்டுக்குப் பயணம் என்பதே அதன் வாழ்க்கை. இந்த ஆண்டுகளில் எஞ்சின் சூடு காட்டும் முள் இரண்டு முறை நடுக்கோட்டைத் தாண்டி மேலே ஏறியது. இரண்டு முறையும் காட்சி ஒன்றுதான். காரணங்கள் மட்டும் வேறு வேறு.

முதல் முறை 2021 மே மாதம். அவினாசி சாலை சிக்னலில் ஏசி போட்டபடி நிற்கையில் முள் மெல்ல ஏறும். வண்டி நகர்ந்து வேகம் பிடித்ததும் தானாக இறங்கிவிடும். அப்போதே அந்த வேறுபாட்டைக் கவனித்திருக்க வேண்டும். நான் கவனிக்காமல் பணிமனைக்குக் கொண்டுபோனேன். "வால்வை எடுத்துட்டாப் போதுங்க சார், நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்குங்க?" என்று சொல்லி, எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மத்துக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டையே மெக்கானிக் கழற்றிவிட்டார். சிக்னலில் முள் ஏறுவது நிற்கவில்லை. மாறாக, வால்பாறையிலிருந்து இறங்கும்போது எஞ்சின் சூடு 68 டிகிரிக்குக் குறைந்ததையும், லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் மைலேஜ் போனதையும் பின்னர்தான் அறிந்தேன். எஞ்சின் விரைவில் சூடேறி, அந்தச் சூட்டிலேயே நிலைத்து நிற்பதற்காகவே அந்த வால்வு இருக்கிறது. வெயில் ஊருக்கு அது வேண்டாம் என்பது நம் பணிமனைகளில் நெடுநாளாக உலவும் தவறான நம்பிக்கை.

அதன்பின் ஸ்டியரிங்குக்குக் கீழே, காரின் கணினியோடு இணைக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சிறிய கருவி ஒன்றை வாங்கினேன். எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மமான கூலன்டின் சூட்டை அது கைப்பேசியில் எண்ணாகக் காட்டுகிறது. என் காரில் 85 முதல் 105 டிகிரி வரை முள் நடுவிலேயே அசையாமல் நிற்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஓட்டுநர் வீணாகக் கலங்கக் கூடாதென்று பெரும்பாலான கார்களில் முள்ளை இப்படித்தான் அமைக்கிறார்கள். ஆகவே முள் அசைவதை நாம் பார்க்கும்போது ஆபத்தை நோக்கிப் பாதி தூரம் போயிருப்போம்.

நின்றால் ஏறி ஓடினால் இறங்கும் சூடு, பெரும்பாலும் காற்று போதாமையால் வருவது. என் காரில் ஏசியைப் போட்டதும், கூலன்டைக் காற்றில் ஆற்றும் ரேடியேட்டரின் மின்விசிறி சுற்றத் தொடங்க வேண்டும். பானெட்டைத் திறந்து பார்த்தபோது அது சுற்றவில்லை. அதற்கு மின்சாரம் தரும் சுவிட்சான ரிலேயைப் பக்கத்திலிருந்த அதே அளவு ஹாரன் ரிலேயுடன் மாற்றிப் போட்டும் பயனில்லை. கடைசியில் மின்விசிறியின் கனெக்டரைப் பிடுங்கினேன். ஒரு பின்னைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் காப்பி நிறத்தில் கருகி உருகியிருந்தது. கனெக்டரை மாற்றி, புதிய தெர்மோஸ்டாட்டும் போட்டதும் சிக்னல் தொல்லை ஒழிந்தது.

இரண்டாவது முறை 2023இல், ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறுகையில் நேர்ந்தது. நகரில் 95ஐத் தாண்டாத கார், 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதை எட்டும்போது 109 காட்டியது. முள் எழும் முன்பே ஏசியிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. சூடு மிகுந்தால் எஞ்சினின் சுமையைக் குறைக்கக் காரின் கணினி ஏசியின் கம்ப்ரசரை நிறுத்திவிடும், அதுவே முதல் அறிகுறி. ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு அளவில் திருப்பினேன். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். கோவைக்காரர்கள் பலர் தொட்டே பார்த்திராத அந்தக் குமிழ் அன்று 5 டிகிரி குறைத்தது. பாறைத் திட்டில் நின்ற வரையாடு ஒன்று எங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, பானெட்டை மட்டும் திறந்து முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. மூடியில், அது தாங்கும் அழுத்தம் பார் அளவில் 0.9 என்று பொறித்திருக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காது, ஆனால் திறந்த நொடியில் அழுத்தம் போய் அத்தனையும் கொதித்து மேலே பீறிடும்.

மறுநாள் காலை, எஞ்சின் முற்றிலும் ஆறியபின் திறந்தேன். பக்கத்துக் குப்பியில் கூலன்ட் நிறைந்திருக்க, ரேடியேட்டரில் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. ஆறும்போது குப்பியிலிருந்து கூலன்டைத் திரும்ப இழுக்க வேண்டிய மூடியின் ரப்பர் இறுகிப் போயிருந்தது. எஞ்சின் ஆயிலில் பால் கலந்தாற்போன்ற நிறமோ, புகைக்குழாயில் விடாத வெண்புகையோ இல்லாததால் கூலன்ட் எஞ்சினுக்குள் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் பற்றிய அச்சம் சற்றுத் தணிந்தது. மூடியை மாற்றியதும் ஏற்றத்தில் 104 வரை குறைந்தது, அது போதவில்லை. எஞ்சின் சூடாக ஓடும்போது அகச்சிவப்பு வெப்பமானியை ரேடியேட்டர் முகத்தில் நகர்த்திப் பார்த்ததில், கீழ்ப்பாதியில் ஒரு பகுதி மட்டும் 30 டிகிரி குறைவாகக் காட்டியது. அங்கே கூலன்ட் ஓடவே இல்லை.

ரேடியேட்டரை மாற்றினோம். பழையதன் பக்கத் தொட்டியைக் கழற்றியபோது, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவது போன்ற வெள்ளை உப்பு பல குழாய்களின் வாயை அடைத்திருந்தது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. கூலன்ட் குறையும் போதெல்லாம் வீட்டு ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரைக் குழாயில் பிடித்து ஊற்றியவன் நான்தான்.

புதிய கூலன்டை நிரப்பியபின், முன்பக்கம் உயர்ந்திருக்கும்படி வண்டியைச் சரிவில் நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து, மூடி போடாமல் குமிழிகள் அடங்கும்வரை எஞ்சினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றினோம். சென்ற மாதம் நான்கு பேரும் மூட்டை முடிச்சுமாக ஏறியபோது ஒன்பதாம் வளைவில் 97 காட்டியது. டிக்கியில் இப்போது ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒன்று கிடக்கிறது. இதுவரை அதைத் திறக்க நேரவில்லை.