நெல்லையின் கோடை வானியல் முகாமுக்கு நிழல்கோலா, தொலைநோக்கியா?

மே விடுமுறையில் பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ மாணவர்களுக்கு வானியல் முகாம் நடத்த விரும்புவோர் முதலில் தொலைநோக்கிக்கே பணம் ஒதுக்குகின்றனர். பிள்ளைகள் தம் கையால் செய்து கற்பதே நோக்கமென்றால், வெயிலில் நட்டு நிழலை அளக்கும் ஒரு மீட்டர் நீள நிழல்கோல்தான் முந்த வேண்டும் என்பது என் கணிப்பு.

மோட்டார் இல்லாத தொலைநோக்கியை 100 மடங்கு உருப்பெருக்கத்தில் வைத்தால், பூமியின் சுழற்சியால் வியாழன் ஓரிரு நிமிடங்களிலேயே பார்வை வட்டத்தை விட்டு நழுவிவிடும். ஒவ்வொரு முறையும் ஆசிரியரே அதை மீட்டுப் பிடிக்க, வரிசையில் நிற்கும் 40 பேருக்கும் கண்ணுக்கு மட்டுமே வேலை கிடைக்கிறது.

நிழல்கோலிலோ ஒவ்வொரு குழுவுக்கும் தனிக்கோல் தரலாம். கோயில் கட்டும் ஸ்தபதிகள் திசை காண நட்ட ‘சங்கு’ எனும் கோலும் இதுவே. செங்குத்தாக நட்டு, காலை 11 மணியிலிருந்து நிழல்நுனியைக் குறித்து வந்தால், நிழல் மிகக் குறுகுவது 12 மணிக்கு அன்று, ஏறத்தாழ 12.15க்கு என்பது தெரியவரும்; இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்குரியது, நெல்லையோ அதற்கு மேற்கே 77.7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே சூரியன் நம் உச்சியைக் கடந்து வடக்கே சென்றுவிடுவதால், மே நடுவில் அந்த நண்பகல் நிழல் தெற்கு நோக்கி 18 சென்டிமீட்டர் அளவில் விழும். ஏறக்குறைய இதே தீர்க்கரேகையில், வடக்கே 470 கிலோமீட்டரில் உள்ள பெங்களூரில் அன்றைய நிழல் 10 சென்டிமீட்டர்தான். அங்குள்ள பள்ளி ஒன்றோடு அளவைப் பகிர்ந்துகொண்டால், நிழல் நீளத்திலிருந்து கணிக்கும் இரு ஊர்ச் சூரியக் கோணங்களுக்குமான 4.2 பாகை வேறுபாட்டிலிருந்து (470 × 360 ÷ 4.2) பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டரை ஒட்டி வரும். ஓரிடத்து நிழலில் ஒரு சென்டிமீட்டர் பிசகினாலும் விடையில் எட்டில் ஒரு பங்கு பிசகும் என்பதால், அளவெடுப்பின் கண்டிப்பும் அதிலேயே பழகும். அக்கினி நட்சத்திர வெயில்தான் இதன் பெருங்குறை. குறியிடும் நேரம் தவிர மற்ற வேளையில் பிள்ளைகளை வேப்பமர நிழலில் அமர்த்துவது கட்டாயம்.

எந்த நாளில், எந்த நேரத்தில் எந்த விண்மீன்கள் தெரியும் எனக் காட்டும், கையால் சுழற்றும் விண்மீன் வட்டு மூன்றாவது வழி. ஐரோப்பா போன்ற வடக்கத்திய நாடுகளுக்கென அச்சிட்டது இங்கே உதவாது. துருவ விண்மீன் நமக்கு 9 பாகை உயரத்தில் பனைகளுக்குப் பின்னே மறைந்துவிடும். 9 பாகை அட்சரேகைக்கு வரைந்த வட்டுடன் நாங்குநேரிப் பக்கத்துத் திறந்தவெளிக்குச் சென்றால், மே நடுவில் இரவு 9 மணியளவில் தென்சிலுவை விண்மீன் கூட்டம் தெற்கே 21 பாகை உயரத்தில் நிமிர்ந்து நிற்பதை வெறுங்கண்ணாலேயே காணலாம்.

தொலைநோக்கியைக் கைவிடச் சொல்லவில்லை. நிலவின் பள்ளங்களில் பக்கவாட்டு ஒளி படும் வளர்பிறை அட்டமியை ஒட்டிய இரவுகளுக்கு அது போதும். மாதக் கடைசியில் மேற்குமலைக் காற்று வலுத்துத் தாங்கியை ஆட்டத் தொடங்குமுன் அந்த இரவுகள் அமையுமாறு முகாம் தேதியைக் குறித்துக்கொள்வது நல்லது.